வீணா நாரதனும் வீணை தனமும்

செங்கற்பட்டில் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கடற்கரைக் கோயிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அதைக் கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் தன் விருதுகளை வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறானே, அவற்றில் ஒன்று 'வீணா நாரதன்'. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பட்டம் அழியவில்லை. வாசிப்பு எப்படியிருந்தது என்று யாரைக் கேட்பது? கடல் இரைந்துகொண்டிருந்தது.

அந்த இரைச்சலில்தான் எனக்கு வீணை தனம்மாளின் ஞாபகம் வந்தது. இங்கே அந்த அம்மாளின் வீணை எடுபட்டே இருக்காது!

1867-ல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். பாட்டி காமாட்சி தஞ்சை அரண்மனையில் ஆடியவர். தாய் சுந்தரம்மாள் பாடகி. கண் பார்வையில்லாத வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸிடம் க்ஷேத்ரக்ஞர் பதங்களையும், சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் தீட்சிதர் கிருதிகளையும் பாடம் பண்ணினார். விரலில் மீட்டி அணியாமல் நகத்தாலேயே தந்தியைத் தொடுவார். நாதம் சன்னம். கேட்கிறவன்தான் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் அருகே போகவேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பு. பெரிய வித்துவான்களும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சின்னச் சலசலப்பும் அம்மாளுக்குப் பொறுக்காது. நம் சபாக்களில் முறுக்குக் கடிக்கும் ரசிகர்களை அவர் என்ன செய்திருப்பாரோ!

காசைச் சேர்த்து வைக்கத் தெரியாதவர். முதுமையில் கஷ்டம், கண்ணும் போயிற்று. 1938 அக்டோபரில் காலமானார்.

ஆனால் ராஜசிம்மனுக்கு வாய்க்காத ஒன்று இவருக்கு வாய்த்தது. அதற்காகவும் காஞ்சிக்கே போகவேண்டும். அப்போது அது செங்கற்பட்டு ஜில்லா. அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் வீட்டுப் பாடத்தோடு நிற்காமல் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் பயின்றார்கள். பிள்ளையோ லய சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்துப் பாடுகிறவர். சன்னமான வீணையின் வீட்டுக்கும் அவருக்கும் எவ்வளவு தூரம்! அதே ஊரில், அம்மனாட்சி அம்மன் கோயிலில், 1925-ல் இன்னொரு பேத்தி ஏழு வயதில் அரங்கேறினாள். அவள்தான் பாலசரஸ்வதி. சதிரைப் பழித்துப் பேச ஊர் கற்றுக்கொண்டுவிட்ட காலம் அது. பெற்றவள் ஜயம்மாளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்காதா?

தனம்மாள் 1930-களில் சில இசைத்தட்டுகள் கொடுத்தார். பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூட. நண்பர் ஒருவர் வீட்டில் கேட்டேன். முதலில் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு ஜன்னலைச் சாத்தினார். அப்படியும் தெருவில் ஒரு லாரி போயிற்று. முள்ளைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்தார்.