கடற்காற்றும் மின்வலுவும்

காற்றினின்று மின்வலு பெறும் முயற்சி பழையது. டென்மார்க்கிலுள்ள அஸ்கோவ் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய பௌல் லா கூர் 1891 ஆம் ஆண்டிலே காற்றாலை அமைத்து மின்னுண்டாக்கினார். எனினும், உலகின் முதலாவது கடற் காற்றாலைத் தொகுதி அந்நாட்டிலேயே தோன்றுதற்கு நூறாண்டுகள் சென்றன. 1991 இல் லோலன்ட் தீவை அடுத்து, வின்டெபிக் கடலில் நிறுவப்பெற்ற 11 யந்திரங்களின் மொத்த வலு ஐந்து மெகாவாற்றுக்குச் சிறிது குறைவேயாகும்.

வட கடலிலோ காற்று வலிது. பல இடங்களில் ஆழமும் குறைவு. இத்துணை வளமிருந்தும் வளர்ச்சி மெல்லவே நடந்தது. உப்புக்காற்றும் அலையும் பெருஞ்செலவும் தடையாயின. 2002 இல் ஹோர்ன்ஸ் ரெவ் என்னும் கடற்றிட்டில் 160 மெகாவாற்று வலுவுடன் 80 யந்திரங்கள் எழுந்தன. ஈராண்டிற்குள் மின்மாற்றிகள் முதலியன பழுதுறவே, அவ்வியந்திரங்கள் அனைத்தின் தலைப்பகுதிகளும் கரைக்குக் கொணர்ந்து திருத்தப்பட்டன.

அவ்விடர் பின்வந்தோர்க்குப் பாடமாயிற்று. 2022 இல் இங்கிலாந்தின் கீழைக் கடலில் முழுமையாக இயங்கத் தொடங்கிய ஹோர்ன்சீ இரண்டாந் தொகுதியின் வலு 1,300 மெகாவாற்றுக்கு மேற்பட்டது. அதன் 165 யந்திரங்களுள் ஒன்றே பழைய வின்டெபித் தொகுதி முழுவதினும் வலிது. வின்டெபி 2017 இல் அகற்றப்பட்டது. காற்றின் வளம் என்றும் உள்ளதே. அதனைப் பயன்கொள்ளும் வேகம் பட்டறிவினாலும் இழப்புக்கஞ்சாத உறுதியினாலுமே வளர்ந்தது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.