குடத்தில் இட்ட ஓலை



உத்தரமேரூர் வட்டாரத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் நான் ஒன்பதாம் வகுப்புப் பயின்றபொழுது, வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முழுவதும் வகுப்பாசிரியரிடமே இருந்தது. ஒரு நாள் காலை அவர் என் பெயரைச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். அவ்வளவில் காரியம் முடிந்தது. என்னைவிட நன்றாகப் படிப்பவன் ஒருவன் என் அருகிலேயே அமர்ந்திருந்தான். அன்று மாலைக்குள், எங்கள் வீட்டுப் பசுவின் நெய் ஆசிரியர் இல்லத்துக்குப் போகிறது என்ற பேச்சு வகுப்பெங்கும் பரவிவிட்டது. எங்கள் வீட்டில் பசுவே இல்லை! ஆயினும் என்ன சொல்லி மறுப்பேன்? அவர் என்னை ஏன் தெரிந்தெடுத்தார் என்பது எனக்கே தெரியாது. அருகிலிருந்த நண்பன் அவ்வாண்டு முழுவதும் என்னோடு பேசவில்லை.

அவ்வாண்டிலேதான் எங்கள் சரித்திர ஆசிரியர் எங்களை ஊரின் நடுவே உள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அக்கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனது 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919லும் 921லும், பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் உள்ளன. அரசனுடைய ஆணையோடு வந்த அதிகாரி உடனிருக்க, ஊர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை அவற்றில் வகுத்துள்ளனர். ஏரியைக் காப்பது, தோட்டங்களைப் பேணுவது, பொன்னை மாற்றுப் பார்ப்பது ஆகிய பணிகள் அவ்வாரியங்களின் கையில் இருந்தன. ஏரி நீரும் பொன்னும் ஒருவன் கைக்கு வருமாயின், வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேதமும் உடன் வருமல்லவா?

சபையார் அதனை நன்கு அறிந்திருந்தனர். முதலில் தகுதியை வரையறுத்தனர். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வயது 919இல் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது; இரண்டே ஆண்டுகளில் அதனை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று திருத்திக்கொண்டனர். தாம் எழுதியதையே திருத்த அவர்கள் நாணவில்லை.

அடுத்துத் தகுதியின்மையைக் கூறினர். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வருதல் ஆகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வருதல் ஆகாது. அவர் மட்டுமன்று, அவருடைய உறவினரும் ஆகாது. சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்தவன், தந்தை, மகன் என்று அப்பட்டியல் நீள்கிறது. சலுகை எந்தெந்த வழியாக நுழையும் என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு வழியையும் அடைத்தவர்களின் பட்டியல் அது.

இனித் தேர்தலைக் காண்போம். ஊரில் முப்பது குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, ஒரு கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாகச் சபை முழுவதும் கூடியிருக்கும். கோயில் நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்துக் கொடுப்பான். நடுவர் ஐந்து விரலும் விரிய, உள்ளங்கையிலே அதனை வாங்குவார். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருத்தல் கூடாதன்றோ! அவர் வாசித்த ஓலையை நம்பிமார் அனைவரும் வாசிப்பர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும். இவ்வாறு வந்த முப்பதின்மருள், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களில் கல்வியாலும் வயதாலும் மூத்த பன்னிருவர் சம்வத்சர வாரியம் ஆவர். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். குற்றம் கண்டால் இடையிலேயே நீக்கம்.

நேயர்களே, நடுவரை நம்பாமலா விரல்களை விரிக்கச் சொன்னார்கள்? அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் நல்லவர் என்பதைப் பிறர் கண்ணால் காணவும் வேண்டும். எங்கள் வகுப்பாசிரியரும் ஒருவேளை நேர்மையாகவே என்னைத் தேர்ந்திருக்கலாம். காரணம் மறைந்திருந்தமையால் வதந்தி அந்த இடத்தை நிரப்பிற்று. அதனால் தோற்றவனுக்கு மட்டுமன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட எனக்கும் தீங்கு நேர்ந்தது. ஆசிரியரின் மதிப்புக்கும் தீங்கு நேர்ந்தது.

ஆயினும் இக்கல்வெட்டை நாம் கண்ணை மூடிப் புகழ்தல் தகாது. இது வேதியர்க்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமற்றோரின் பெயரும், ஏனைய குலத்தாரின் பெயரும், பெண்டிரின் பெயரும் அக்குடத்தினுள் புகவே இல்லை. குடத்தைச் சுற்றிலும் அத்துணைக் காவல் வைத்தவர்கள், அதன் வாயைக் குறுகலாக்கி வைத்திருந்தனர். பிறப்பையும் நிலத்தையும் பார்த்துச் சிலரை மட்டும் உள்ளே விடுவதும் ஒருவகைச் சலுகையே. நம் காலத்துப் பொதுத்தேர்வில் விடைத்தாள் திருத்துபவருக்கு மாணவர் பெயர் தெரியாதபடி மறைத்து அனுப்புகின்றனர். பழைய ஊராரின் எச்சரிக்கையை இதிற் காணலாம். ஆனால் இக்குடத்தின் வாய் எல்லோர்க்கும் திறந்திருக்கிறது.

பின்னாளில் நானும் ஆசிரியனானேன். முதல் ஆண்டிலேயே, எனக்குப் பிடித்த மாணவன் பெயர் தலைவன் பதவிக்கு என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. அப்பொழுது என் பழைய நண்பனின் முகம் நினைவுக்கு வந்தது. தலைவனுக்கு உரிய தகுதிகளைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பார் இரண்டைச் சேர்த்தனர், ஒன்றை நீக்கினர். தகுதியுடையார் பெயர்களைச் சீட்டில் எழுதி மண்குடத்தில் இட்டோம். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று வந்து ஒரு சீட்டை எடுத்தது. நான் அதனை ஐந்து விரலும் விரித்து வாங்கினேன். பிள்ளைகள் சிரித்தனர்.

குடத்திலிருந்து வந்தது எனக்குப் பிடித்தவன் பெயரன்று. ஆனால் அந்த ஆண்டு எங்கள் வகுப்பில் எவர் வீட்டுப் பசுவின் நெய்யைப் பற்றியும் பேச்சு எழவில்லை.