'இன்செஸன்ட்லி'ன்னா வெறும் 'தொடர்ந்து' இல்லீங்க!

டீம் லீடருக்கு மெயில் அனுப்புறீங்க. 'தொடர்ந்து ஃபாலோ-அப் செய்ததற்கு நன்றி' என்று சொல்லணும். மொபைல் டிக்‌ஷனரியில் தேடினால் 'இன்செஸன்ட்லி' என்று ஒரு வார்த்தை கிடைக்கிறது. கெத்தாகத்தான் இருக்கிறது. ஆனால், 'தேங்க் யூ ஃபார் இன்செஸன்ட்லி ஃபாலோயிங் அப்' என்று எழுதினால் அவருக்கு எப்படிக் கேட்கும் தெரியுமா? 'ஓயாம நச்சரிச்சதுக்கு நன்றி'!

அந்த இடத்தில் 'ரெகுலர்லி' அல்லது 'கன்ஸிஸ்டென்ட்லி' போட்டால் பிரச்னையே இல்லை.

போர் நிறுத்தத்தை 'சீஸ்ஃபயர்' என்கிறார்கள் அல்லவா? அதில் இருக்கும் 'சீஸ்' என்றால் நிறுத்துதல் (பீட்சா மேல் உருகுற சீஸ் வேற, ஸ்பெல்லிங்கும் வேற). இன்செஸன்ட்லியும் அதே குடும்பம்தான். நிறுத்துதல் என்ற பொருள்கொண்ட 'செஸ்ஸாரே' என்ற லத்தீன் சொல்லுக்கு முன்னால், 'இல்லை' என்று மறுக்கும் 'இன்' ஒட்டிக்கொண்டது. ஆக, 'நிற்காமல்' என்பதுதான் நேரடி அர்த்தம். ஆனால், பழக்கத்தில் அதோடு ஒரு சலிப்பும் ஏறிவிட்டது. விடிய விடியக் குரைக்கிற நாய், தொணதொணன்னு பேசுற ஆள், விடாமல் அடிக்கிற போன், நசநசன்னு பெய்யுற மழை... இதுக்கெல்லாம் இன்செஸன்ட்லி கச்சிதமாகப் பொருந்தும்.

நம்ம 'ஓயாமல்' கிட்டத்தட்ட இதே ரகம். 'ஓயாமல் உழைத்தார்' என்று பாராட்டவும் செய்யலாம். இன்செஸன்ட்லியையும் உழைப்புக்குப் போடலாம், தப்பில்லை. ஆனால் 'ஓயாம பேசுறான்' என்றால் அது பாராட்டா, என்ன?

'தொடர்ந்து' என்று சொல்ல வேறு இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. இடைவெளியே இல்லாமல் நடந்தால் 'கன்டினியுவஸ்லி'. விட்டு விட்டு, ஆனால் அடிக்கடி நடந்தால் 'கன்டினுவலி'. ஆறு கன்டினியுவஸ்லி ஓடும். கரன்ட் கன்டினுவலி போகும். பேச்சில் இங்கிலீஷ்காரர்களே இந்த ரெண்டையும் கலந்துகட்டி அடிப்பதுண்டு. மற்ற இடங்களில் நீங்களும் கண்டுக்காமல் விடலாம், டாக்டரிடம் மட்டும் வேண்டாம். மருத்துவத்தில் 'கன்டினியுவஸ் ஃபீவர்' என்றால், நாள் முழுக்க நார்மலுக்கே இறங்காத, 24 மணி நேரத்தில் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி இறங்காத காய்ச்சல். இடையில் நார்மலாகி மறுபடி வருவதற்குப் பெயர் 'இன்டர்மிட்டன்ட்'. காய்ச்சல் எந்த வகை என்பது, என்ன நோயாக இருக்கும் என்று டாக்டர் யோசிக்க ஒரு தடயம். வார்த்தையில் சந்தேகம் வந்தால், 'நடுவுல விடுதா, இல்லையா' என்பதைத் தமிழிலேயே சொல்லிடுங்க.

இன்னொண்ணு. 'இட் இஸ் ரெய்னிங் இன்செஸன்ட்லி சின்ஸ் மார்னிங்' என்று ஸ்டேட்டஸ் போடுறவங்க நிறைய. இந்த வாக்கியத்தில் 'சின்ஸ்' வருவதால் 'இஸ்' கூடாது. 'இட் ஹேஸ் பீன் ரெய்னிங் இன்செஸன்ட்லி சின்ஸ் மார்னிங்' என்று மாத்திப் போடுங்க.