தமிழ்த் துப்பறியும் நாவலாசிரியர்: ஒரு வரலாற்று மதிப்பீடு

திருவெண்ணெய்நல்லூர் அவையிலே முதியவராக வந்த இறைவன் ஆளோலை காட்டி வழக்குரைத்த வரலாற்றைப் பெரியபுராணம் கற்றோர் நன்கறிவர். சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. மூலவோலை முதியவர் கையில் இருந்தது. அவையினர் அம்மூலவோலையைப் படித்த மாத்திரத்தே தீர்ப்புக் கூறினாரல்லர். சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்து அமைந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டனையும் ஒப்புநோக்கி, எழுத்து ஒத்திருத்தலைக் கண்ட பின்னரே முடிவு கூறினர். மதுரையிலோ இதற்கு மாறாக நிகழ்ந்தது. பொற்கொல்லன் சொல் ஒன்றையே சான்றாகக் கொண்டு பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி தன் சிலம்பை உடைத்து, உள்ளிருந்த பரல் முத்தன்று, மாணிக்கம் எனக் காட்டிய பின்னரே அவன் தன் பிழையை உணர்ந்தான். ஓரிடத்திற் சான்று ஆராயப்பட்டமையால் உண்மை நிலைபெற்றது. மற்றோரிடத்தில் ஆராயப்படாமையால் ஒரு குடியும் ஓர் அரசும் அழிந்தன.

சான்றை ஆராய்ந்து மறைந்த உண்மையை வெளிக்கொணர்தல் தமிழ் மரபுக்குப் புதியதன்று என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் போதியனவாகும். ஆயினும், அவ்வாராய்ச்சியையே கதையின் உயிராகக் கொண்ட துப்பறியும் நாவல் மேனாட்டிலிருந்து நமக்கு வந்தது. வந்த விருந்தினனைத் தமிழ் வாசகர் பேராதரவுடன் ஏற்றனர். இலக்கிய வரலாறு எழுதியோர் பெரும்பாலும் வாயிலிலேயே நிறுத்தினர். தழுவல், மலிவு, பொழுதுபோக்கு என்னும் மூன்று சொற்களால் அந்நாவலாசிரியர்களின் கணக்கு முடிக்கப்பட்டது. அக்கணக்கு நேரியதா என்பதை ஆராய்தல் வேண்டும்.

சட்டமும் நாவலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவிலும் இலங்கையிலும் குற்றமும் நீதியும் பற்றிய நடைமுறை அடியோடு மாறியது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இலும் இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இலும் இயற்றப்பட்டன. இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவை 1883இலும், சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895இலும் எழுந்தன. ஊர்ப் பெரியோர் வாய்மொழியால் தீர்த்த வழக்குகள் பொலிஸ் விசாரணைக்கும், வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டன. விரலடையாளத்தைக் கொண்டு குற்றவாளியை அறியும் பணியகம் உலகிலேயே முதன்முதலாகக் கல்கத்தாவில் 1897இல் நிறுவப்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

தமிழ் நாவல் இம்மாற்றத்தின் நடுவே பிறந்தது. முதல் தமிழ் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகிய அசன்பேயுடைய கதையை 1885இல் வெளியிட்ட சித்திலெவ்வையும் சட்டத்தொழில் புரிந்தவர். ஒளித்து வைக்கப்பட்ட பிறப்பும், குழந்தைக் கடத்தலும், இறுதியில் உண்மை வெளிப்படுதலும் அசன்பேயின் கதைக்கு அடிப்படை. ஆகவே, இரு கரையிலும் நாவலின் தொட்டிலை ஆட்டியவர் நீதிமன்றத்தை நேரில் அறிந்தவரே எனலாம்.

இச்சூழலிலேதான் 1894இல் பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள் என்னும் நூலை வெளியிட்டார். தமிழில் துப்பறியும் கதை என்று சொல்லத்தக்க முதல் நூல் இதுவே என்பர். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் வெளிவந்துகொண்டிருந்த காலமும் அதுவே. சாஸ்திரியார் தென்னிந்திய நாட்டுக் கதைகளைத் தேடித் தொகுத்தவர். ஒற்றரும் முத்திரை மோதிரமும் இடம்பெறும் முத்திராராட்சசம் என்னும் வடமொழி நாடகத்தைத் தமிழில் கதையாக்கியவர். தானவன் என்னும் பெயரொலி அக்காலத்து ஆங்கில வாசகர் அறிந்த டிக் டொனவன் என்னும் துப்பறிவாளனை நினைவூட்டுவது. எனினும் கதைகளைத் தமிழ் வாசகர் தம் நாட்டுக் கதையாகவே படிக்கும் வண்ணம் அவர் அமைத்தார். நாட்டுக் கதையறிவும் மேனாட்டு வடிவமும் ஒருவரிடத்தே கூடியமை தற்செயலன்று.

தழுவலும் தமிழ்மையும்

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பதாண்டுகளில் மூவர் இத்துறையைத் தம் ஆட்சிக்குட்படுத்தினர். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் என்போரே அவர்.

ஆரணியார் ஆங்கில நாவல்களைத் தமிழாக்குவதில் ஓயாத உழைப்பினர். ரெயினால்ட்ஸின் கதைகளையும் கொனன் டொயிலின் ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளையும் அவர் தமிழுக்குக் கொணர்ந்தார். அவர் கையில் ஹோம்ஸ் ஆனந்தசிங் ஆனான். தழுவியவர் என்று அவரை ஒதுக்குவோர் ஒன்றை மறத்தல் ஆகாது. தனித்தமிழியக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் நாவலொன்றைத் தழுவிக் குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி என எழுதினார். அடிகளுக்குக் குறையாகாதது ஆரணியாருக்கு மட்டும் குறையாகுமாறு எங்ஙனம்? தழுவல் என்பது அக்காலத் தமிழ் உரைநடைக்கு ஒரு பயிற்சிக்கூடம். உரையாடலைத் தொடர்ந்து நடத்துதல், ஒரு செய்தியை மறைத்து உரிய இடத்திற் சொல்லுதல், அதிகாரத்தின் இறுதியில் ஆவலைத் தூண்டி நிறுத்துதல் முதலாய உத்திகளை அப்பயிற்சிக்கூடமே கற்பித்தது.

ரங்கராஜு எழுதிய நாவல்களுள் ஒன்று இராஜாம்பாள். அவர் படைத்த துப்பறிவாளன் கோவிந்தன். பொலிஸாரின் ஊழலையும், வஞ்சகச் சாமியார்களையும், செல்வரின் ஒழுக்கக்கேட்டையும் அவர் நாவல்கள் தயங்காது சாடின. இராஜாம்பாள் 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. அவருடைய சந்திரகாந்தா 1936இல் திரைக்கு வந்தது. நூலைப் படித்தறியாத மக்களும் அவர் கதையை அறிந்திருந்தனர்.

துரைசாமி ஐயங்கார் அரசாங்கப் பணியை விடுத்து எழுத்தையே தொழிலாகக் கொண்டவர். மனோரஞ்சனி என்னும் தம் பத்திரிகை வாயிலாக நாவல்களை வெளியிட்டார். அவர் படைத்த திகம்பர சாமியார் மேனாட்டுத் துப்பறிவாளரின் நிழலன்று. துறவியின் கோலத்தையே மறைவிடமாகக் கொண்டு, பல வேடங்களில் மறைந்து திரிந்து, ஏழைகளுக்காக நீதி தேடும் அவர் இம்மண்ணுக்கே உரியவர். இறைவனும் அரசனும் மாறுவேடம் பூண்டு மாந்தரைச் சோதித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு அவர் அந்நியராகத் தோன்றவில்லை. கும்பகோணம் வக்கீல் நாவலில் தீமையின் உருவாக நிற்பவனும் சட்டம் கற்ற வழக்கறிஞனே. சட்டம் அறிந்தவனே சட்டத்தை வளைப்பான் என்னும் மக்களின் அச்சத்தை அந்நாவல் வெளிப்படையாக்கியது. 1950இல் மொடேர்ன் தியேட்டர்ஸார் அதனைத் திகம்பர சாமியார் என்னும் பெயரிற் படமாக்கியபோது எம். என். நம்பியார் அவ்வேடத்தை ஏற்றார்.

ஐயங்காரின் மேனகா இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. அதிலே குற்றம் நிகழும் களம் இருண்ட தெருவன்று. கூட்டுக் குடும்பத்தின் உள்வீடு. கணவனுடன் பிறந்த பெண்டிரின் சூழ்ச்சியால் மருமகள் அடையும் துன்பமே கதை. ஆங்கிலத் துப்பறியும் கதையில் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து குற்றத்தின் காரணமாக அமைதல் பெருவழக்கு. தமிழ்க் கதையிலோ மணமும், குலப்பெருமையும், பெண்ணின் மானமும் காரணங்களாயின. வடிவம் கடன்பட்டதாயினும் துன்பம் சொந்தமானது. 1935இல் டி. கே. எஸ். சகோதரர் பங்குகொண்ட மேனகா திரைப்படம், புராணக் கதைகளே நிறைந்திருந்த அக்காலத் திரையுலகிற் சமூகக் கதைக்கு வழிதிறந்த படங்களுள் ஒன்றாயிற்று.

வாசகர் என்னும் புதிய இனம்

இந்நாவலாசிரியர்களின் தலையாய பணி யாது? வாசகரைப் படைத்தமையே. அதற்கு முன்னர் நூல் என்பது ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதாகவே பெரிதும் இருந்தது. இராமாயணமும் கந்தபுராணமும் அவ்வாறே பயிலப்பட்டன. முடிவு யாவரும் அறிந்ததே. முடிவு அறியாத கதையை ஒருவன் தனித்திருந்து, மௌனமாக, விரைந்து படிக்கும் பழக்கத்தை மர்ம நாவலே பெரிதும் வளர்த்தது. வை. மு. கோதைநாயகி அம்மாளின் முதல் நாவலாகிய வைதேகி 1925இல் ஜகன்மோகினி இதழில் வெளிவந்தது. பள்ளிக்கல்வி பெறாத அவ்வம்மையார் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். துப்பறியும் போக்கையும் அவர் கையாண்டார். பெண்கள் வாசகராகவும் ஆசிரியராகவும் வளர்ந்தமைக்கு அவர் ஒரு சான்று.

ஓர் இலக்கிய வகை மக்கள் மனத்திற் குடிகொண்டுவிட்டது என்பதற்கு அதனை நகையாடி எழுதக்கூடிய நிலையே உரைகல். ஆனந்த விகடனில் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு அறிவாற் சிறந்தவனல்லன். அசட்டுத்தனமே அவனுக்குத் துணை. அவன் தவறிச் செய்யும் செயலெல்லாம் திருடனைப் பிடிப்பதில் முடிகிறது. துப்பறிவாளர் எவ்வாறு இருப்பர் என்பதை வாசகர் முன்னரே அறிந்திராவிடின் இந்நகைச்சுவை பலித்திராது. அதே தேவன் ஜஸ்டிஸ் ஜகந்நாதன் என்னும் நாவலில் நீதிமன்ற விசாரணையை நுட்பத்துடன் சித்திரித்தார்.

ஈழத்து முயற்சிகள்

ஈழநாட்டில் இத்துறை தனியாறாகப் பெருகவில்லை. ஏனைய நாவல்களோடு கலந்தே ஓடியது. சி. வை. சின்னப்பபிள்ளையின் வீரசிங்கன் அல்லது சன்மார்க்க ஜெயம் 1905இல் வெளிவந்தது. வரணியூர் ஏ. சி. இராசையாவின் பவளகாந்தன் அல்லது கேசரி விஜயம் 1932இலும், அருணோதயம் அல்லது சிம்மக்கொடி 1933இலும் தோன்றின. இப்பெயர்களில் வரும் ‘அல்லது’ என்னும் சொல்லே அக்கால நாவல்களின் இரட்டை நோக்கைக் காட்டும். ஒரு பெயர் கதையைச் சுட்ட, மற்றொரு பெயர் பெரும்பாலும் அதன் படிப்பினையையோ வெற்றியையோ அறிவித்தது.

1930இல் வீரகேசரி தொடங்கப்பட்டமை தொடர்கதைக்கு நிலையான களம் அமைத்தது. அதன் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய கே. வி. எஸ். வாஸ், ரஜனி என்னும் புனைபெயரில் குந்தளப் பிரேமா முதலிய மர்மத் தொடர்களை எழுதினார். தலையங்கம் எழுதிய கையே தொடர்கதையும் எழுதியது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி நிறுவனம் நாவல் வெளியீட்டில் முனைந்தது. அவ்வெளியீடுகளுள் அருள் செல்வநாயகத்தின் மர்ம மாளிகையும் ஒன்று. செங்கை ஆழியானின் வாடைக்காற்று போன்ற மண்வாசனை நாவல்கள் வெளிவந்த அதே வரிசையில் மர்மக் கதையும் வெளிவந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. ஒன்றைத் தேடி வந்த வாசகன் மற்றொன்றையும் கண்டான்.

பிற்கால வளர்ச்சி

தமிழகத்தில் தமிழ்வாணனின் சங்கர்லால் ஊர் எல்லையையும் நாட்டெல்லையையும் கடந்தான். எளிய, சிறிய, பிறமொழிக் கலப்புக் குறைந்த வாக்கியங்களால் விறுவிறுப்பான கதை சொல்லலாம் என்பதைத் தமிழ்வாணன் காட்டினார். 1968இல் குமுதத்தில் வெளிவந்த நைலான் கயிறு வாயிலாகச் சுஜாதா வழக்கறிஞன் கணேஷை அறிமுகப்படுத்தினார். வசந்த் பின்னர் வந்து சேர்ந்தான். பொறியியலாளராகிய சுஜாதாவின் கையில் அறிவியற் செய்தியும் நீதிமன்ற நடைமுறையும் உரைநடையின் புதிய வேகமும் ஒன்றுகூடின. முன்சீப் ஒருவரோடு தொடங்கிய தமிழ் நாவல் மீண்டும் வழக்கறிஞனைத் தேடிக் கண்டது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், இரட்டையராகிய சுபா முதலியோர் மாதநாவல் வாயிலாக இத்துறையைப் பேருந்து நிலையக் கடை வரை கொண்டுசென்றனர். ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500க்கு மேற்பட்டன.

குறையும் நிறையும்

இந்நாவல்களின் குறைகளை மறைத்தல் வரலாறாகாது. மூலநூலைச் சொல்லாது தழுவிய வழக்கம் இருந்தது. பக்கத்தை நிரப்பும் பொருட்டு நீட்டிய வருணனைகள் உண்டு. மாந்தர் பலர் நல்லவர், தீயவர் என்னும் இரு வண்ணத்தோடு அமைவர். துப்பைக் காட்டிலும் தற்செயலே வழக்கை முடித்துவைக்கும் இடங்களும் பல. சமூக வகுப்பினரைப் பற்றிய பழைய தப்பெண்ணங்களை ஆராயாது மீண்டும் மொழிந்தனவும் உள.

எனினும், விதியால் வந்தது என்று கண்ணீர் விட்டு அமைவதே முடிவாக இருந்த கதையுலகில், ஒருவன் எழுந்து, செய்தவன் யார், சான்று யாது என வினவினான். அவ்வினாவை இலட்சக்கணக்கான தமிழ் வாசகரின் மனத்தில் விதைத்தவர் இந்நாவலாசிரியரே. பாண்டியன் அவையிற் கண்ணகி ஒருத்தி கேட்ட வினாவை எளிய வாசகனும் கேட்கப் பழகினான். இதனினும் பெரிய சமூகப் பயன் பொழுதுபோக்கு இலக்கியத்துக்கு வேறென்ன வேண்டும்?

இன்று இந்நூல்களின் பெரும் பகை விமர்சனமன்று, அழிவே. மலிவுத் தாளில் அச்சிடப்பட்டு, கைமாறிக் கைமாறிக் கிழிந்து, பழந்தாள் விலைக்குப் போனவை எத்தனையோ. அறிஞர் பேணாதவற்றைப் பேணியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த அவர், மதிப்பற்றவை எனப் பிறர் கழித்த நாவல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பின்னர் அத்தொகுதியே 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக மலர்ந்தது. ஈழத்திலோ 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதன்பின் ஒரு வீட்டு அலுமாரியில் எஞ்சிய பழைய நாவலொன்றும் வரலாற்று ஆவணமே.

துப்பறிவாளன் சிறு பொருளையும் எறியான். கிழிந்த கடிதத் துண்டிலும் உண்மை உண்டென்று அறிவான். தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுவோருக்கும் அப்பண்பு வேண்டும். பாட்டனாரின் கையெழுத்துள்ள மற்றோர் ஓலை பேணிவைக்கப்பட்டிருந்தமையாலன்றோ திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்குத் தீர்ந்தது! இந்நாவல்களைப் பேணினாலன்றி அவற்றை எழுதியோரின் வழக்கும் தீராது.