தோள் நரம்புப் பின்னல் காயம்

கழுத்துத் தண்டுவடத்தின் கீழ் நான்கு நரம்பு வேர்களும் மார்பின் முதல் வேரும் தோளருகே பின்னிப் பிரிந்து கையை இயக்குகின்றன. பைக் விபத்தில் தலை ஒருபுறமும் தோள் மறுபுறமும் இழுபடும்போது இவ்வேர்கள் நைந்துபோகலாம். தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்படவும் கூடும். தசையில் கீறல்கூட இருக்காது, ஆனால் கை தொங்கிவிடும். மேல் வேர்கள் அறுந்திருந்தால், முழங்கை மடிப்பில் சுத்தியலால் தட்டினாலும் அனிச்சைத் துடிப்பு எழாது.

கொங்குப் பகுதியில் இக்காயத்துக்கான முக்கிய சிகிச்சை மையம், 1978-ல் கோவையில் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனை. அதன் கை அறுவைப் பிரிவை வளர்த்தவர் எஸ். ராஜா சபாபதி.

பிடுங்கப்பட்ட வேரைத் தைக்க முடியாது. எனவே வேலை செய்யும் வேறொரு நரம்பை வெட்டி, செயலிழந்த தசையின் நரம்போடு இணைக்கிறார்கள். விலா எலும்பிடை நரம்பை இருதலைத் தசைக்குக் கொடுத்தால், தொடக்கத்தில் நோயாளி மூச்சை ஆழ இழுக்கும்போதுதான் முழங்கை மடங்கும். பல மாதப் பயிற்சிக்குப் பின், மூச்சை நினைக்காமலே மடக்க மூளை கற்றுக்கொள்கிறது. நரம்பு மண்டலத்தின் இந்த நெகிழ்வு உண்மையிலேயே வியப்புக்குரியது.

காலம்தான் பெரிய எதிரி. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரே வளரும். நரம்பில்லாத தசையோ ஒன்று, ஒன்றரை ஆண்டில் மீளும் திறனை இழக்கத் தொடங்கும். ஆகவே 6 மாதத்துக்குள் அறுவை செய்வதே நல்லது. தோளும் முழங்கையும் ஓரளவு மீள்கின்றன; தொலைவில் உள்ள விரல்களின் நுண்தசைகள் பெரியவர்களுக்கு அரிதாகவே மீள்கின்றன.