கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

நேரு பிறந்தது 1889 நவம்பர் 14. அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி. குழந்தைகள் தினத்தின் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் அலகாபாத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நம் தொடர் கொளவாய் ஏரிக்கரையிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

அந்த ஏரிக்கரையில் உள்ள செங்கல்பட்டுக் கோட்டை விஜயநகர மன்னர்கள் கட்டியது. 1752-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்தார். போர்கள் ஓய்ந்த பிறகு கும்பினிக்கும், பின்னால் வந்த அரசுக்கும் அங்கே பெரிதாக வேலையில்லை. 1887-இல் குற்றம் செய்த சிறுவர்களை அந்த மதிலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

அதற்கு முன் திருடிப் பிடிபட்ட பையன் என்ன ஆவான்? பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் போடுவார்கள். இல்லையென்றால் 1864-ஆம் ஆண்டுக் கசையடிச் சட்டப்படி பிரம்படி கொடுத்து அனுப்புவார்கள். சிறுவனைச் சிறைக்குப் பதிலாகப் பள்ளிக்கு அனுப்பலாம் என்ற சட்டம் 1876-இல் வந்தது. சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்ததும் அதே ஆண்டுதான். அப்போது சோற்றுக்குத் திருடிய பிள்ளைகளைக் கணக்கெடுத்தவர் யார்?

1897-இல் அந்த 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். பதினைந்து வயதுக்குட்பட்டவனுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுவரை காவல். பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அந்தச் சட்டமே சொன்னது: இரவில் பையன்களைப் பிரித்துப் படுக்கவைக்க வசதி, நல்ல தண்ணீர், உணவு, உடை, படுக்கை, கைத்தொழில் பயிற்சி, நோயாளிக்குத் தனியிடம். வெள்ளைக்கார அரசின் சட்டம் என்று ஒதுக்கிவிட முடியாத பட்டியல்தான். ஆனால் பதினான்கு வயது தாண்டியவனை உரிமச் சீட்டோடு நம்பகமான முதலாளி ஒருவரிடம் அனுப்பிவைக்கலாம் என்றும் அதில் இருந்தது. கைத்தொழில் கற்ற பையன் யாருக்குப் பயன்பட வேண்டும் என்று நினைத்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. பெண் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே இல்லை. சட்டத்தின் கண்ணில் குற்றவாளிச் சிறார் என்றால் ஆண்பிள்ளை மட்டுமே.

அந்தக் குறையைத் தீர்த்தது 1920-ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம். வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும்தான் இந்த வழிக்கு வந்தன. இந்தியாவிலேயே முதலில் வந்தது நம்முடையது. நாம் பெருமைப்பட்டுக்கொள்ளாமல் விட்ட சங்கதிகளில் இதுவும் ஒன்று. திருடியவனோடு நிற்காமல், பிச்சையெடுக்கும் பிள்ளை, கேட்பாரற்ற பிள்ளை எல்லோருமே அரசின் பொறுப்பு என்றது அது. சிறுவர்களுக்குத் தனி நீதிமன்றமும் வந்தது. சிக்கல் தொடங்கியதும் அங்கேதான். அநாதையும் குற்றவாளியும் ஒரே சட்டத்துக்குள் வந்ததில், ஊர்க்கண்ணில் இரண்டு பேரும் ஒன்றாகிப்போனார்கள். படிக்காத பையனைச் 'சீர்திருத்தப் பள்ளியில சேர்த்துடுவேன்' என்று மிரட்டும் வழக்கம் இன்றுவரை நம் வீடுகளில் உண்டு.

குழந்தைகள் தினம் இதற்கெல்லாம் வெகு காலம் பின்னால் வருகிறது. எல்லா நாடுகளும் குழந்தைகளுக்கென ஒரு நாள் கொண்டாட வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1954-இல் கேட்டுக்கொண்டது. 1957 நவம்பர் 14 அன்று நம் அஞ்சல் துறை மூன்று தபால்தலைகள் வெளியிட்டது: சத்துணவு, கல்வி, விளையாட்டு. எட்டு நயா பைசா தபால்தலையில் ஒரு பையன் வாழைப்பழம் தின்றுகொண்டிருப்பான். நாடாளுமன்றம் 1960-இல் இயற்றிய குழந்தைகள் சட்டமோ யூனியன் பிரதேசங்களுக்கு மட்டும். ஜம்மு காஷ்மீர் நீங்கலாக நாடு முழுவதற்கும் ஒரே சிறார் நீதிச் சட்டம் வர 1986 ஆயிற்று. சென்னை வழிகாட்டி அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து! விசாரணை முடியும்வரை வைக்கக் கூர்நோக்கு இல்லம் என்றும், குற்றம் உறுதியானவர்களுக்குச் சிறப்பு இல்லம் என்றும் பிரித்துப் பெயர் வைத்தது அதன் பிறகுதான்.

காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகும் பள்ளிப் பேருந்துகள் செங்கல்பட்டைக் கடந்துதான் போகின்றன. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கும்போது பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கும் சிற்பத்தை ஆசிரியர்கள் தவறாமல் காட்டுவார்கள். வழியில் இருக்கிற இந்த 1887-ஐக் காட்டுவதில்லை. சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகள் நல்ல கேள்விகளாகக் கேட்பார்கள்.

கேட்டால் 2022 டிசம்பர் 31-ஐயும் சொல்ல வேண்டியிருக்கும். திருட்டு வழக்கில் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட பதினேழு வயதுப் பையன் அன்று இறந்தான். அடித்ததாக இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். தமிழகத்தின் இத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. அவர் கொடுத்த அறிக்கை, இந்த இல்லங்களை நிர்வகிக்கவே தனியாக ஒரு துறை வேண்டும் என்றது.

(தொடரும்)