டோர்பிடோக் கதவு: எது முதலில் திறக்கவேண்டும்?

நீர்மூழ்கிக் கப்பலின் டோர்பிடோக் குழாய்க்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று கடல் பக்கம், மற்றது ஆட்கள் நிற்கும் உட்பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும்.

1939 யூன் 1ஆம் திகதி லிவர்பூல் விரிகுடாவில் பரீட்சார்த்த ஓட்டத்துக்குச் சென்ற ‘தெற்றிஸ்’ என்ற பிரித்தானிய நீர்மூழ்கியில் அதுதான் நடந்தது. உட்கதவைத் திறக்கமுன், குழாய்க்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க அக்கதவில் ஒரு சிறு சோதனைக் குழாய்வாய் இருக்கும். 5ஆம் இலக்கக் குழாயில் அந்தத் துளையைப் பூச்சு அடைத்திருந்தது. தண்ணீர் வரவில்லை, ஆகவே குழாய் வெறுமை என நம்பி உட்கதவைத் திறந்தார்கள். கடற்பக்கக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. கப்பலில் இருந்த 103 பேரில் 4 பேர் மட்டுமே தப்பினர். பின்னாளில் உட்கதவு சற்று மட்டும் திறந்து நிற்கும்படி ஒரு தடுப்புக் கொளுவி பொருத்தப்பட்டது. தண்ணீர் இருந்தால் அந்த இடுக்கால் தெரிந்துவிடும், கதவையும் மீண்டும் மூடலாம்.

றேடியோவால் இயக்கும் மாதிரி நீர்மூழ்கி செய்பவர்களுக்கும் இந்தக் கதை வேண்டும். அப்பனும் மகளுமாக நாங்கள் இதில் இறங்கியபோது, “குண்டுக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள், இப்ப டோர்பிடோ செய்யிறியளோ?” என்று வீட்டில் கேட்டார்கள். எங்களுடையதில் வெடி கிடையாது. மூக்கில் றப்பர் வைத்த ஒரு குச்சிதான்.

மாதிரியில் உட்கதவு தேவையில்லை. உடற்கூட்டுக்குள் தண்ணீர் தாராளமாகப் புகும். பற்றறியும் மின்பாகங்களும் தனியாக ஒரு நீர்புகா உருளைக்குள் இருக்கும். இங்கே கவனிக்கவேண்டிய ஒழுங்கு வேறு: வெளிக்கதவு முழுவதும் திறந்த பின்னர்தான் டோர்பிடோ விடுபடவேண்டும்.

முதலில் கதவுக்கு ஒரு சேர்வோ, ஏவுவதற்கு இன்னொன்று என்று வைத்தோம். மகள் ஆளிகளை மாற்றி அழுத்தினாள், கதவின் கீல் உடைந்தது. கணக்கியலில் காசு வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பார்கள். இங்கே நேர்மாறு, இரண்டு வேலையும் ஒரே சேர்வோவிடம் போகவேண்டும்.

எனவே 20 மில்லிமீற்றர் நகரும் ஒரே தண்டு. முதல் 12 மில்லிமீற்றரில் அது கதவைத் திறக்கும். அதன்பின் கதவு தடையில் முட்டி நிற்க, கதவு இணைப்பிலுள்ள சுருள்வில் அமுங்கித் தண்டை மேலும் போகவிடும். டோர்பிடோவைப் பிடித்திருக்கும் ஊசிக்குத் தண்டில் நீண்ட துவாரம் வெட்டியிருப்பதால், கடைசி 8 மில்லிமீற்றரில்தான் ஊசி இழுபடும். உடனே குழாயின் அடியிலுள்ள வில் டோர்பிடோவைத் தள்ளும். குழாயின் பின்புறத்தில் துளைகள் இடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் தண்ணீர் நிரம்ப வழியின்றி டோர்பிடோ உறிஞ்சப்பட்டு நின்றுவிடும்.

குளியல்தொட்டியில் இது அழகாக வேலை செய்தது. குளத்தில் பாசி கதவை இறுக்கிவிட்டது. கதவு அசையவில்லை, ஆனால் வில் அமுங்கித் தண்டு முழுத்தூரமும் போனது, ஊசி கழன்றது. மூடிய கதவிலேயே டோர்பிடோ மோதியது. தண்டு நகர்ந்ததைக் கதவு திறந்ததாக எடுத்துக்கொண்டது எங்கள் பிழை. துளையில் தண்ணீர் வராததைக் குழாயில் தண்ணீர் இல்லை என்று எடுத்துக்கொண்டதும் அதே வகைதான்.

திருத்தம் சிறியது. கதவின் புயத்திலேயே ஒரு பித்தளை நாக்கை ஈயப்பற்றால் ஒட்டினோம். கதவு முழுதாகத் திறக்கும்வரை அது ஊசியை மறித்து நிற்கும். ஊசிக்கும் தண்டுக்கும் இடையில் இன்னொரு வில் வைத்தோம், கதவு இறுகினால் சேர்வோ எரியாமலிருக்க.

இனி நிறை. 1:48 அளவில் 533 மில்லிமீற்றர் டோர்பிடோ 11 மில்லிமீற்றர் தடிப்பாகும். எங்களுடையதன் கனவளவு 13 கன சென்ரிமீற்றர், நிறை 12 கிராம். மிதந்தால்தானே பொறுக்கி எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் வெளியேறும்போது மேலே தூக்கிக்கொண்டிருந்த 1 கிராம் போய்விடும், அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். நான்கையும் ஏவினால் முன்முனை 4 கிராம் கனக்கும். நாங்கள் முனையில் 2 கிராம் நுரைத்துண்டு வைத்துப் பாதியை முன்கூட்டியே ஈடுசெய்கிறோம்; மிச்சத்தைப் பின் சுக்கான் பார்த்துக்கொள்ளும்.